அங்கிள் வில்லியம் கூப்பரும் எங்க வாட்ஸப் குரூப்பும்

2024 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே மெல்போர்ன் ரிப்பன்லீயில இருக்கற அடாஸ் இஸ்ரேல் சினகாக்குக்கு, அதாவது யூதர்களோட ஜெப ஆலயத்துக்கு, எவனோ தீ வச்சுட்டான். உள்ள ஆளுங்க இருந்திருக்காங்க, காலைல சீக்கிரமே ஜெபத்துக்கு வந்தவங்க, நல்லவேளை உயிருக்கு ஒண்ணும் ஆகல. ஹோலோகாஸ்ட்ல, அதாவது நாஜிங்க பண்ண யூதப் படுகொலைல, தப்பிச்சு இங்க வந்து சேர்ந்தவங்க கட்டுன இடம் அது. நான் ட்ரெயின்ல ஃபோன நோண்டிட்டே வந்தேன், கருகிப் போன சுவரு, வெளிய பாதி எரிஞ்ச புஸ்தகங்கள், அப்படியே ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிட்டேன், உண்மையச் சொல்லணும்ல. சாயங்காலம் எங்க ஏரியா தமிழ் வாட்ஸப் குரூப்ல யாரோ அந்த நியூஸ் லிங்கைப் போட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல ஒரு ரிப்ளை வந்துச்சு. "வினை விதைச்சவன் வினை அறுப்பான்", பக்கத்துல ரெண்டு கும்பிடு எமோஜி. அதுக்குக் கீழ பதினோரு தம்ஸ்-அப். நான் எண்ணினேன், அதனாலதான் சொல்றேன்.

அத எழுதினவர் ஒண்ணும் தெருவுல போற ஆள் இல்ல. இந்த ஊருக்கு நான் வந்த புதுசுல, வீடு கிடைக்காம அல்லாடினப்ப தன் வீட்டு கராஜ் ரூமை ஆறு வாரம் ஒழிச்சுக் கொடுத்தவர். எங்க பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, யாராவது இறந்துட்டா ஊருக்கு உடலை அனுப்பற வேலை, எல்லாம் அவர் தலைலதான். அண்ணான்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். காசா படங்களப் பாத்துப் பாத்து ராத்திரி தூக்கம் வரலன்னு எங்கிட்டயே சொன்னவர். அந்த வேதனை பொய் இல்ல, எனக்கும் அது இருக்கு. ஆனா ரிப்பன்லீயில விடியக்காலம் ஜெபம் பண்ணிட்டு இருந்த கிழவர் காசாவுல என்ன வினை விதைச்சார்? இதத்தான் டைப் பண்ணேன். அழிச்சேன். கொஞ்சம் மரியாதையா மாத்தி டைப் பண்ணேன், அதையும் அழிச்சேன். கடைசில ஃபோனை சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்துட்டேன்.

திங்கக்கிழமை ஆபீஸ்ல என் டீம்ல இருக்கற ஒரு யூதப் பொண்ணு வந்தாங்க. அவங்க புள்ளைங்க படிக்கற ஸ்கூல் வாசல்ல எப்பவுமே செக்யூரிட்டி நிக்கும், அது 2023க்கு அப்புறம் வந்தது இல்ல, அதுக்கு முன்னாடியே அப்படித்தான். காபி மெஷின்கிட்ட நிக்கறப்ப, நியூஸ் பாத்தேன், ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுன்னு ரெண்டு வார்த்த சொன்னேன். அவங்க என்னையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இந்த ஃப்ளோர்ல இதச் சொன்ன ரெண்டாவது ஆள் நீ"ன்னாங்க. நாங்க அந்த ஃப்ளோர்ல நாப்பது பேரு. அவங்க தேங்க்ஸ் சொல்ல சொல்ல எனக்குக் கூசிப் போச்சு, ஏன்னா இங்க காபி மெஷின் பக்கத்துல நல்ல புள்ளையா ஆறுதல் சொல்றேன், அங்க நம்ம ஆளுங்க நடுவுல வாயத் தொறக்கல. ரெண்டு இடத்துலயும் எனக்கு வசதியானத மட்டும்தான் செஞ்சிருக்கேன்.

இந்த விஷயத்துல அண்ணாவ மட்டும் குத்தம் சொல்லவும் எனக்கு வாய் வரல. ஹாஸ்டல்ல படிக்கறப்ப, ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைல ஹிட்லரோட சுயசரிதை தமிழ்ல கிடைக்கும்ல, தன்னம்பிக்கை புத்தகங்களோட அடுக்கி வச்சிருப்பாங்க, அத வாங்கிப் படிச்சுட்டு ஒரு மாசம் அதையே பேசிட்டுத் திரிஞ்சவன் நான். "ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் இந்த நாடு உருப்படும்"னு கிளாஸ்லயே சொன்ன வாத்தியார் எனக்கு இருந்தார், நாங்க கை தட்டினோம். அப்ப என் வாழ்க்கைல ஒரு யூதரைக்கூட நான் பாத்தது கிடையாது. பாக்காத மனுஷங்கமேல வெறுப்புகூட இல்ல அது, ஒரு அலட்சியம், அவ்ளோதான். செத்தவங்க அறுபது லட்சம்ங்கறது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற நம்பர். வெறுப்பைவிட இந்த அலட்சியம்தான் சுலபமா ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குத் தொத்திக்குதுன்னு இப்பத் தோணுது, ஒரு ஃபார்வர்டு பட்டன் போதும்.

பாலத்துல இருந்த பேரு

மெல்போர்ன் மேற்குல டார்னீட் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், வி-லைன் ரயில்ல வந்து ஃபுட்ஸ்க்ரேல மாறற கூத்து. அந்த ஸ்டேஷன்ல தண்டவாளத்துக்கு மேல ஒரு பெரிய நடைபாலம் இருக்கு, அதுக்கு வில்லியம் கூப்பர் பாலம்னு பேரு. வருஷக்கணக்கா அதுமேலதான் ஓடுறேன். ஏதோ வெள்ளைக்கார ரயில்வே இன்ஜினியர், இல்லன்னா பழைய கவுன்சிலர்னு நெனச்சிருந்தேன், அப்படிக்கூட நெனக்கல, அந்தப் பேர நான் வாசிச்சதே இல்லன்னுதான் சொல்லணும். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஒரு நாள் ட்ரெயின் லேட்டு, இருபத்தஞ்சு நிமிஷம், சும்மா நிக்கறப்ப அந்தப் பேர தேடிப் பாத்தேன். முதல்ல கண்ணுல பட்டது தேதி. 1938 டிசம்பர் 6. அதே தேதி. எனக்கு இந்த மாதிரி தற்செயல்ல எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, இருந்தாலும் அன்னைக்கு ட்ரெயின் வந்ததும் ஏறாம நின்னுட்டேன்.

வில்லியம் கூப்பர் வெள்ளைக்காரர் இல்ல. மர்ரே ஆறும் கோல்பர்ன் ஆறும் சேர்ற பக்கத்து யோர்ட்டா யோர்ட்டா இனத்து ஆளு. அபாரிஜினல் மக்கள், அதாவது ஆஸ்திரேலியாவோட பூர்வகுடிங்க, அவர அங்கிள் வில்லியம் கூப்பர்னுதான் சொல்றாங்க, பெரியவங்களப் பேரச் சொல்லிக் கூப்பிடாம அங்கிள், ஆன்ட்டின்னு மரியாதையோட சேர்த்துச் சொல்றது அவங்க வழக்கம், நமக்கு இத விளக்கவே வேண்டாம். ஆடுகளுக்கு முடி வெட்டற வேலை, மாடு ஓட்டற வேலை, குதிரை பழக்கற வேலை, மீன் பிடிக்கற வேலைன்னு வாழ்க்கை முழுக்க உடம்பு உழைப்பு. மலோகாங்கற கிறிஸ்தவ மிஷன்லயும் அப்புறம் கம்மரகஞ்சாங்கற ரிசர்வ்லயும் இருந்தவர். ரிசர்வ்னா என்னன்னா, அரசாங்கம் வச்ச மேனேஜர் உங்களுக்கு ரேஷன் கொடுப்பான், யார் வரலாம் யார் போலாம்னு சொல்லுவான், பிடிக்கலன்னா வெளிய தள்ளுவான். அங்க குடியிருந்தா முதியோர் பென்ஷன் கிடையாது. அதனால 1933-ல, எழுபது வயசு தாண்டுன மனுஷன், பொறந்த மண்ண விட்டுட்டு ஃபுட்ஸ்க்ரேக்கு வாடகை வீட்டுக்கு வந்தார். பென்ஷன்தான் வருமானம். வந்து சும்மா உக்காரல. ஆஸ்திரேலிய அபாரிஜினிஸ் லீக்னு ஒரு சங்கத்த ஆரம்பிச்சு அதுக்கு செயலாளர் ஆனார். பார்லிமென்ட்ல எங்களுக்குன்னு ஒரு பிரதிநிதி வேணும், எங்க இனம் அழியாமப் பாத்துக்கணும்னு ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு மனு. வாட்ஸப் இல்ல, ஈமெயில் இல்ல, கையெழுத்து போட்டா மேனேஜர் என்ன பண்ணுவானோங்கற பயம் வேற. அதுக்கு நடுவுல 1,814 கையெழுத்து சேர்த்தார். 1937-ல அரசாங்கத்துக்கிட்ட கொடுத்தார். 1938-ல கேபினட் கூடி, இத மன்னருக்கு அனுப்ப வேண்டாம்னு முடிவு பண்ணி உள்ள வச்சுட்டாங்க.

அவர் பையன் ஒருத்தன், டேனியல், முதல் உலகப் போர்ல ஆஸ்திரேலியப் படைல சேர்ந்து 1917 செப்டம்பர்ல பெல்ஜியத்துல செத்துப் போனவன். ஜெர்மன்காரன் குண்டுக்குப் பையனக் கொடுத்த அப்பா இவரு. அந்த நாட்டுக்காக உயிரக் கொடுத்த குடும்பத்துக்கு அந்த நாட்டு பார்லிமென்ட்ல ஒரு குரல் கிடையாது. இதெல்லாம் தலைல ஏத்தி வச்சுக்கிட்டுத்தான் அடுத்தத வாசிக்கணும்.

பிரச்சனை இல்லாத நாடு

1938 ஜூலைல பிரான்ஸ்ல எவியான்ங்கற ஊர்ல 32 நாடுகள் கூடிச்சு. ஜெர்மனிலயும் ஆஸ்திரியாவுலயும் மாட்டிக்கிட்ட யூத அகதிகள யார் சேத்துக்கறதுன்னு பேச. எல்லாரும் அனுதாபம் சொன்னாங்க, கிட்டத்தட்ட யாரும் கதவத் தொறக்கல. ஆஸ்திரேலியா சார்பா போன அமைச்சர் தாமஸ் ஒயிட் சொன்னத இந்த ஊர்ல இருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு தடவையாவது படிக்கணும்: எங்க நாட்டுல உண்மையில இனப் பிரச்சனைன்னு எதுவும் இல்ல, அதனால வெளிய இருந்து ஒண்ண இறக்குமதி பண்ணிக்க எங்களுக்கு ஆசையும் இல்ல. இனப் பிரச்சனையே இல்லையாம். அவர் அத சொன்ன வருஷம்தான் கூப்பரோட மனு அலமாரிக்குள்ள போச்சு. அதே வருஷம் ஜனவரி 26, வெள்ளைக்காரங்க வந்து இறங்கின 150-வது வருஷத்த ஊரே கொண்டாடிட்டு இருந்தப்ப, கூப்பரும் ஜாக் பாட்டனும் வில்லியம் ஃபெர்கூசனும் இன்னும் பலரும் சிட்னில ஒரு ஹால்ல கூடி, எங்களுக்கு இது துக்க நாள்னு அறிவிச்சாங்க. ஆனா பிரச்சனை இல்ல. நல்ல ஜோக்.

நவம்பர் 9, 10 ராத்திரி ஜெர்மனில நடந்தது உங்களுக்குத் தெரியும், கண்ணாடி உடைஞ்ச ராத்திரி. நூத்துக்கணக்கான ஜெப ஆலயங்கள் எரிஞ்சுது, ஆயிரக்கணக்கான கடை நொறுங்குச்சு, 30,000 யூத ஆம்பளைங்கள பிடிச்சு முகாமுக்கு அனுப்புனாங்க. தீயணைப்பு வண்டி நின்னு வேடிக்கை பாத்துச்சு, பக்கத்துக் கட்டிடத்துக்குப் பரவாமப் பாத்துக்கறதுதான் அவங்களுக்கு வந்த உத்தரவு. செய்தி உலகம் பூரா போச்சு, மெல்போர்ன் பேப்பர்லயும் வந்துச்சு. ஃபுட்ஸ்க்ரேல வாடகை வீட்டுல உக்காந்து பேப்பர் படிச்ச ஒரு 77 வயசு வாக்குல இருந்த கிழவருக்கு, கடல் தாண்டி, தான் பாத்தே இருக்காத ஊர்ல, யாரோ வீட்டுக் கண்ணாடி உடையறது தன் விஷயம்னு எப்படித் தோணுச்சு? இந்தக் கேள்வில தான் நான் மாட்டிக்கிட்டேன். எனக்கு ரிப்பன்லீ நாப்பது நிமிஷ தூரம், தோணலையே.

லீக் கூடி ஒரு தீர்மானம் போட்டுச்சு. ஆஸ்திரேலிய அபாரிஜினல் மக்கள் சார்பா, யூத மக்கள்மேல நாஜி அரசாங்கம் நடத்தற கொடுமைக்குக் கடுமையான கண்டனம், இத நிறுத்தணும். அவ்ளோதான், சுத்தி வளைக்கல. டிசம்பர் 6-ம் தேதி அந்தத் தீர்மானத்தோட ஒரு குழு மெல்போர்ன் நகரத்துல இருந்த ஜெர்மன் கான்சுலேட்டுக்குப் போச்சு. கான்சல் டாக்டர் டிரெக்ஸ்லர் அவங்கள உள்ள விடல. லெட்டர வாசல்ல கொடுத்துட்டுத் திரும்பிட்டாங்க. மறுநாள் பேப்பர்ல சின்னதா ஒரு செய்தி. முடிஞ்சுது.

நான் இத முதல்ல படிச்சப்ப சிரிப்புதான் வந்துச்சு, தப்பா நெனக்காதீங்க. சொந்த நாட்டு பிரதமர்கிட்டயே மனு எடுபடாத ஆளுங்க, ஹிட்லர் அரசாங்கத்துக்கு "இத நிறுத்துங்க"ன்னு தீர்மானம் கொண்டு போறாங்க. நம்ம ஊர்ல சொல்லுவோமே, தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்னு. எங்க அப்பாவோட வேதவாக்கு அது. முதல்ல உன் வயித்தப் பாரு, உன் தங்கச்சி கல்யாணத்தப் பாரு, மிச்சம் இருந்தா ஊருக்குக் கொடு. ஏழை வீட்டுல அது சுயநலம் இல்ல, கணக்கு. அந்தக் கணக்குப்படி பாத்தா கூப்பர்கிட்ட தானம் பண்ண ஒண்ணுமே மிஞ்சல. பார்லிமென்ட்ல குரல் இல்ல, நிலம் இல்ல, மனு போன இடம் தெரியல. எதுவுமே மிஞ்சாதவன் எத எடுத்துக் கொடுத்தான்?

அந்த லெட்டர்

இதுக்கு மேலதான் எனக்குக் கதை வேற மாதிரி ஆச்சு. கிறிஸ்துமஸ் லீவுல ஒரு மத்தியானம், வீட்டுல எல்லாரும் தூங்கறப்ப, கூப்பர் எழுதின லெட்டர்கள் பத்திப் படிச்சிட்டிருந்தேன். மனுஷன் லெட்டர் எழுதியே ஒரு வாழ்க்கைய ஓட்டியிருக்கார், பிரதமருக்கு, அமைச்சருக்கு, பத்திரிகைக்கு. அதுல ஒண்ணு, கான்சுலேட் வாசல்ல இருந்து திரும்புன அதே டிசம்பர் மாசம், உள்துறை அமைச்சர் ஜான் மெக்யூவனுக்கு எழுதினது. இந்த மெக்யூவன்தான் அதே மாசம் 1-ம் தேதி பார்லிமென்ட்ல எழுந்து, மூணு வருஷத்துல 15,000 அகதிகள ஆஸ்திரேலியா சேத்துக்கும்னு அறிவிச்சவர். அபாரிஜினல் விவகாரமும் அவர் இலாகாவுலதான். அவருக்கு கூப்பர் எழுதறார்: ஹிட்லர் யூதர்களுக்குப் பண்றதப் பாத்து நாங்க எல்லாரும் கொதிச்சுப் போயிருக்கோம், ஆனா இங்க எங்களையும் அதே மாதிரிதான் நடத்தறாங்க, அதையும் தயவு பண்ணி கணக்குல எடுத்துக்கணும்.

இத நான் ரெண்டு மூணு தடவ படிச்சேன். முதல்ல ஏமாத்தமா இருந்துச்சு. ஓஹோ, அப்ப இதுக்குத்தானா, தன் கேஸுக்கு யூதர் கேஸ சாட்சியா இழுத்துக்கிட்டாரான்னு. அதுவரைக்கும் என் மனசுல ஒரு மகான் உருவாகிட்டு இருந்தார், தாடி மட்டும்தான் பாக்கி, அது பொத்துனு விழுந்துச்சு. எழுந்து போய் டீ போட்டேன். டீ கொதிக்கறப்ப மெல்ல புரிஞ்சுது, விழுந்தது நான் கட்டுன பொம்மைதான், அவர் இல்லன்னு. அவர் எதையும் மறைக்கவே இல்லயே. யூதர்களுக்கு நடக்கறது அநியாயம்னு கதவத் தட்டிச் சொன்னார். எனக்கு நடக்கறதும் அநியாயம்னு அமைச்சருக்கு எழுதினார். ஒண்ண வச்சு இன்னொண்ண அடிக்கல. "எங்கள முதல்ல பாரு, அப்புறம் யூதனப் பாரு"ன்னு எழுதல. "எங்களுக்கு ஒண்ணும் பண்ணாத நீ அவனுங்கள மட்டும் ஏன் சேத்துக்கறே"ன்னும் எழுதல. அப்படிக் கேட்டிருந்தா அந்த நிலைமைல யாராலயும் தப்பு சொல்ல முடியாது, 15,000 பேருக்கு இடம் இருக்காம், இந்த மண்ணுக்காரனுக்கு பார்லிமென்ட்ல ஒரு குரல் கிடையாதாம், எவனுக்கும் எரியும். எனக்கு அவர் செஞ்ச பெரிய காரியம் கான்சுலேட்டுக்குப் போனது இல்ல, அந்த லெட்டர்ல அந்த ஒரு வரிய எழுதாம விட்டதுதான்.

பெயின் ஆட்வுட்னு ஒரு வரலாற்றாசிரியர், கூப்பர் வாழ்க்கையப் பத்தி முழுசா எழுதினவர், இந்தக் கதைய இப்ப எல்லாரும் சொல்ற விதத்துலயே சந்தேகப்படறார். ஃபுட்ஸ்க்ரேல இருந்து நடந்தே போனாங்கங்கறது, கூப்பரே முன்னால போனாருங்கறது, இதெல்லாம் குடும்பத்து நினைவு, அன்னைக்கு வந்த செய்திய மட்டும் வச்சு நிரூபிக்க முடியாதுங்கறார். லீக்கோட முதல் அக்கறை தன் மக்கள் நிலைமைய வெளிச்சத்துக்குக் கொண்டுவர்றதுதான்ங்கறதும் அவர் வாதம். இன்னொரு பக்கம், உலகத்துலயே யூதர்களுக்காக எதிர்ப்பு காட்டின ஒரே கூட்டம் இவங்கதான்னு இன்டர்நெட்ல சுத்துது, அது மிகைதான், அமெரிக்கா தன் தூதரையே பெர்லின்ல இருந்து கூப்பிட்டுக்கிச்சு, பல ஊர்ல கூட்டம் நடந்துச்சு. இதெல்லாம் படிச்சதும் சில பேருக்குக் கோவம் வருது, தாத்தாவோட நல்ல பேரக் கெடுக்கறாங்கன்னு. எனக்கு வரல. நடந்தாரா ட்ராம்ல போனாராங்கறதுல என்ன இருக்கு. சங்கத்து பேர்ல தீர்மானம் எழுதி, செயலாளரா அதுக்குப் பொறுப்பேத்துக்கிட்டவர் அவர்தானே, எங்க குரூப்ல ஒரு வரி டைப் பண்றதுக்கே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

யாருக்குச் சொந்தம்

இன்னைக்கு அவர் பேர ரெண்டு பக்கமும் இழுக்கறாங்க. இஸ்ரேல் ஆதரவுக் கூட்டத்துல கூப்பர் படம் இருக்கும். அபாரிஜினல் மக்கள்லயே நெறைய பேர் பாலஸ்தீன ஊர்வலத்துல ரெண்டு கொடியும் பிடிச்சுட்டுப் போறாங்க, நிலத்தப் பறிகொடுத்தவன் வலி எங்களுக்குத் தெரியும்ங்கறாங்க. இன்னும் சிலர், எங்க போராட்டத்த எதுக்கோடயும் முடிச்சுப் போடாதீங்கங்கறாங்க. நான் இதுல தீர்ப்பு சொல்ற இடத்துல இல்ல. ஆனா ஒண்ணு கவனிச்சேன், கூப்பர் அன்னைக்குக் கண்டிச்சது ஒரு அரசாங்கத்த. ஜெர்மன் அரசாங்கத்த. ஃபுட்ஸ்க்ரேல ரொட்டிக் கடை வச்சிருந்த ஜெர்மன்காரன் எவனாவது இருந்தா அவன் கடைக் கண்ணாடிய உடைக்கப் போகல. பையன ஜெர்மன்காரங்க கையில பறிகொடுத்தவருக்கு அந்த வித்தியாசம் தெரிஞ்சிருந்துச்சு. ஒரு அரசாங்கம் குண்டு போட்டா அதக் கேளு, எழுது, ரோட்டுல இறங்கு, நானும் வர்றேன். ரிப்பன்லீயில ஜெபம் பண்றவன்கிட்ட அதுக்குக் கணக்குக் கேட்டா அதுக்குப் பேரு யூத வெறுப்பு, வேற பேரு கிடையாது. இத்தனைக்கும் அந்தத் தீ விஷயத்துல 2025 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலிய அரசாங்கமே ஈரான் கை இருக்குன்னு சொல்லி அந்த நாட்டுத் தூதரை வெளிய அனுப்பிடுச்சு. அன்னைக்கு பதினோரு தம்ஸ்-அப் போட்டவங்க யாரும் அந்த லிங்கைக் குரூப்ல போடல, நானும் போடல.

நடுவுல ஒரு தமிழ் ஆசையும் வந்துச்சு, அதையும் ஒத்துக்கறேன். கூப்பருக்கும் அந்தத் தலைமுறைக்கும் படிப்பு சொல்லிக் கொடுத்தவர் தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ்னு ஒரு வாத்தியார், மொரிஷியஸ்ல பொறந்த இந்திய வம்சாவளிக்காரர். 1881-ல மெல்போர்ன் பிரைட்டன் கடற்கரைல மலோகா மிஷன்காரங்களப் பாத்து, அவங்களோடயே போய், வருஷக்கணக்கா கம்மரகஞ்சால பள்ளிக்கூடம் நடத்தி, கூப்பரோட தங்கச்சி அடாவையே கல்யாணம் பண்ணிக்கிட்டவர். அவர்கிட்ட படிச்ச பசங்கதான் பின்னாடி அபாரிஜினல் உரிமைப் போராட்டத்துல பெரிய பெரிய ஆளுங்களா வந்தாங்க. சில இடத்துல அவரத் தமிழர்னே எழுதியிருக்காங்க. அதப் படிச்ச அந்த நொடி என் கை தானா குரூப்பத் தொறந்துச்சு. "பாத்தீங்களா, கூப்பருக்கு எழுத்தறிவு கொடுத்ததே நம்ம ஆளு!" போட்டிருந்தா அம்பது தம்ஸ்-அப் நிச்சயம், ஃபயர் எமோஜி தனி. போடல. பெருமைன்னா மட்டும் நம்மாளு, பொறுப்புன்னா அவங்க பிரச்சனை, இந்த வியாபாரம் எனக்கே அருவருப்பா இருந்துச்சு.

யூதர்கள் இத மறக்கலங்கறதும் உண்மை. ஜெருசலேம்ல இருக்கற யாத் வஷேம்ங்கற ஹோலோகாஸ்ட் நினைவு மையம் 2010-ல கூப்பர் பேர்ல ஒரு ஆய்வு இருக்கையே ஏற்படுத்துச்சு. 2012-ல அதே டிசம்பர் 6, அவர் பேரன் ஆல்ஃப்ரெட் டர்னர், எல்லாரும் அங்கிள் பாய்டின்னு சொல்வாங்க, ஃபுட்ஸ்க்ரேல இருந்து நடந்து போய் அந்தத் தீர்மானத்த மறுபடியும் ஜெர்மன் தரப்புக்கிட்ட கொடுத்தார், அந்தத் தடவ வாங்கிக்கிட்டாங்க, 74 வருஷம் கழிச்சு. இதுக்கெல்லாம் முன்னாடியே, 1965-ல அபாரிஜினல் மக்கள நீச்சல் குளத்துல விடாத ஊர் ஊரா பஸ்ல போய்ப் போராடின மாணவர்கள்ல ஜிம் ஸ்பைகல்மேன் இருந்தார், ஹோலோகாஸ்ட்ல தப்பிச்ச பெற்றோருக்குப் போலந்துல பொறந்தவர். 1992-ல மாபோ வழக்குல, இந்த நிலம் வெள்ளைக்காரன் வந்தப்ப யாருக்கும் சொந்தமில்லாம கிடந்ததுங்கற பொய்ய உடைச்சப்ப, முன்னால நின்ன வக்கீல் ரான் காஸ்டன் யூதர். கூப்பர் கொடுத்த கடனுக்கு இவங்க வட்டி கட்டுனாங்கன்னு நான் சொல்ல வரல, அவங்கள்ல எத்தன பேருக்கு அப்ப கூப்பரத் தெரிஞ்சிருக்கும்.

கரும்பு ஏத்தினப்ப

ஜனவரில பொங்கல் விழா. குயின்ஸ்லாந்துல இருந்து வந்த கரும்புக் கட்ட அண்ணாவோட வேன்ல ஏத்திட்டு இருந்தோம், நாங்க ரெண்டு பேரு மட்டும். நல்ல வெயில். இனிமேலும் அடக்கினா வெடிச்சிடுவேன்னு, சம்பந்தமே இல்லாம ஆரம்பிச்சேன்.

"அண்ணா, டிசம்பர்ல அந்த சினகாக் நியூஸ்க்கு நீங்க போட்ட மெசேஜ்..."

"எது? ஓ அதுவா. ஏன், தப்பா?"

"தப்புதாண்ணா. அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன், சொல்லல. ஜெபம் பண்ணிட்டு இருந்தவங்கண்ணா அவங்க."

அவர் கரும்ப வேனுக்குள்ள தள்ளிட்டு, துண்டால முகத்தத் துடைச்சார். "நீ அந்தக் குழந்தைங்க படத்தப் பாத்தியா இல்லியா தம்பி? அதுக்கு எவன் பேசினான்? நம்ம சனத்த 2009-ல அடிச்சப்ப எவன் வந்தான்? தனக்கு மிஞ்சித்தாண்டா எல்லாம்."

எங்க அப்பா குரல் மாதிரியே இருந்துச்சு. நான் கூப்பர் கதையச் சொன்னேன். ஒழுங்கா கோர்வையா சொல்லல, மனுவுல ஆரம்பிச்சு கான்சுலேட்டுக்குப் போய் திரும்ப டேனியலுக்கு வந்து, உளறலாத்தான் இருந்திருக்கும். அண்ணா குறுக்க பேசாம கேட்டார். பையன் பெல்ஜியத்துல செத்தான்ங்கற இடத்துல மட்டும் "எத்தன வயசாம்?"னார், அவருக்கும் ஒரே பையன். முடிச்சதும் கேட்டார், "சரி, இவ்ளோ பண்ணாரே, அவருக்கு என்ன கெடச்சுது?"

"ஒண்ணும் கிடைக்கலண்ணா. 1940-ல உடம்பு முடியாம ஃபுட்ஸ்க்ரேய விட்டுட்டு ஊர்ப் பக்கம் திரும்பிட்டார், 1941 மார்ச்ல இறந்துட்டார். கம்மரகஞ்சாலதான் புதைச்சாங்க. அந்த மனு மன்னர்கிட்ட போகவே இல்ல. பேரன் அத எலிசபெத் ராணிக்கு அனுப்பி வச்சப்ப 2014."

"ஓட்டு?"

"எல்லா அபாரிஜினல் மக்களுக்கும் தேசியத் தேர்தல்ல ஓட்டுரிமை வந்ததே 1962-லதான், அவர் போனதுக்கப்புறம். இப்ப மெல்போர்ன்ல ஒரு எம்பி தொகுதிக்கே அவர் பேர வச்சிருக்காங்க. முன்னாடி அதுக்கு பேட்மேன்னு பேரு, இந்த மண்ண அவங்ககிட்ட இருந்து எழுதி வாங்கினதாச் சொன்ன வெள்ளைக்காரன் பேரு."

அண்ணா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அந்தக் கட்டப் புடி, தோகை கிழிக்கும், பாத்து"ன்னார். மெசேஜ அழிக்கறேன்னு சொல்லல, தப்புன்னும் சொல்லல. நானும் மேல கேக்கல. ஹால் வரைக்கும் ரேடியோதான் பேசிட்டு வந்துச்சு.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் காலைல எட்டு மணிக்கு ஃபோன். அண்ணா. பின்னாடி ட்ரெயின் அறிவிப்பு சத்தம், பாஸ்போர்ட் வேலையா சிட்டிக்குப் போறாராம், ஃபுட்ஸ்க்ரேல மாறறதுக்கு இறங்கியிருக்கார்.

"தம்பி, அந்தக் கூப்பர் பேரு போர்டு பாலத்துல எந்தப் பக்கம் இருக்கு? நானும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துட்டேன்."

சொல்லலாம்னு வாயத் தொறந்தேன். அத்தன வருஷமா அதுமேல போயிட்டு வர்றேன், அந்த லேட்டான ட்ரெயினுக்காக இருபத்தஞ்சு நிமிஷம் அங்கயே நின்னிருக்கேன், எந்தப் பக்கம்னு எனக்கு ஞாபகம் இல்ல. "அங்கயே இருங்கண்ணா, அடுத்த ட்ரெயின்ல நானும் வர்றேன்"னு சொல்லிட்டு செருப்பத் தேடினேன்.